தேங்கிய தண்ணீரைத் தேடி வீடு வீடாக

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவம் உள்ளவர் யாராவது கொஞ்சம் பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். போனேன். இப்போது வேலையே மாறிவிட்டது. கிருமி ஏறாதபடி ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கொசுக்களை டப்பாவில் கொண்டுவந்து பிளாட்டுகளுக்குக் கீழே திறந்துவிடுகிறார்கள். அவை ஊர்க்கொசுவோடு கலந்து பெருகினால் டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் பரவுவது குறையுமாம். கொசுவைக் கொன்றே சம்பளம் வாங்கியவன் நான். கொசுவைத் திறந்துவிட்டுச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அங்கிள், உங்க சர்வீஸ்ல ரொம்ப கஷ்டமான வேலை எது?" என்று கேட்டாள்.

"புகை அடிக்கிற மெஷினைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறுறதுதாம்மா. முதுகு போயிடும்லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீ கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. மலாய் நாட்டில், ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவன். அப்பா மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் சுகாதார இலாகாவில் உதவியாளர் வேலை கிடைத்தது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொசு வகைகள், மருந்து கலக்கும் அளவு, சட்டத்தில் சில பிரிவுகள், இவ்வளவுதான். உண்மையில் வேலை கற்றுக்கொண்டது இன்ஸ்பெக்டர் சோங்கிடம்.

சோங் ஒல்லியான சீனர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். சிறு வயதில் தமிழர் வீடுகளுக்குப் பக்கத்தில் குடியிருந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். என்னோடு பேசுவதெல்லாம் மலாயில். அவர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும் விதமே தனி. சீருடை போட்ட நாலு பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வீட்டுக்காரர்கள் பயந்துபோவார்கள், அல்லது கோபப்படுவார்கள். அதனால் எங்களைப் படிக்கட்டுப் பக்கம் நிற்கவைத்துவிட்டு அவர் மட்டும் போவார். கதவு திறந்ததும், "எல்லாம் சுகமா? பசியாறியாச்சா?" என்றுதான் தொடங்குவார். வந்த காரியத்தைப் பிறகுதான் சொல்லுவார். செருப்பைக் கழற்றாமல் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

உள்ளே போனால் வேறு ஆளாகிவிடுவார். குளியலறைத் தொட்டி, வாளி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, சாமி மேடையில் பூ வைத்த செம்பு, பால்கனிக் குழாய், எதையும் விடமாட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டைப் பார்க்க, அடுத்தவர் அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடிப்பார். தண்ணீர் இருந்தால் வெள்ளைக் கரண்டியில் மெதுவாக அள்ளுவார். டார்ச் வெளிச்சம் பட்டதும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளியும். கரண்டியை அசைக்காமல் வைத்திருந்தால் மூச்சுவிட மெல்ல மேலே வரும். தலை கீழாக, வால் மேலாகத் தொங்கும். அது வரும்வரை சோங் ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்த பிறகு கரண்டியை வீட்டுக்காரரிடம் நீட்டுவார். அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். "இங்கே தண்ணி இருக்கு" என்பார். உங்கள் வீட்டில் என்றோ, நீங்கள் வைத்த தண்ணீர் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டேன். "குற்றவாளியைத் தேட போலீஸ் இருக்கிறது. நமக்குத் தண்ணீரைக் கண்டுபிடித்தால் போதும்" என்றார். அந்த வேலை அவ்வளவு சுலபமாக ஓர் எல்லையில் நின்றுவிடும் என்று நானும் அப்போது நம்பினேன்.

தர்ஷினி என்ற பிள்ளையின் பெயர் எங்களுக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். டிங்கி என்று உறுதியானால் ஆஸ்பத்திரியில் இருந்து உடனே எங்களுக்குத் தகவல் வரும். அன்றைக்கோ மறுநாளோ நாங்கள் அந்த வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் போயாக வேண்டும். ஜெலுத்தோங்கில் ஒரு பழைய பிளாட், மேல் மாடி. பிள்ளை தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அம்மா விமலா, பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். அப்பா குணா, பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். அவர்களிடம் போனில் அனுமதி கேட்டுக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டுப் பத்மா அக்காவிடம் சாவி இருந்தது. அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

சுத்தமான வீடு. மடித்த துணி நாற்காலியில் அடுக்கியிருந்தது. குளியலறையில் வாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நானும் தேடினேன், சோங்கும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படி ஜன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்திருந்தார்கள்.

"பாப்பா வெச்சது" என்றார் பத்மா அக்கா. "ஸ்கூல்ல டீச்சர் கொடுத்தாங்களாம்."

சோங் செடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரைக் கரண்டியில் ஊற்றினார். காத்திருந்தார். மேலே வந்தன.

பத்மா அக்காவும் எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

சோங் அந்த பாட்டிலை அவரே தேய்த்துக் கழுவினார். செடியை எறியவில்லை. கீழே போய் ஒரு பழைய டின்னில் மண் அள்ளி வந்து அதில் நட்டு அதே ஜன்னலில் வைத்தார். பிறகு பத்மா அக்கா வீட்டுக்குப் போனோம். மேல் மாடியில் தண்ணீர் வேகம் குறைவு என்பதால் அவர் பின்கட்டில் டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். மூடி வையுங்கள் என்று முன்பே எச்சரித்திருந்தோம். திறந்தே கிடந்தது. டார்ச் அடித்ததும் தண்ணீரே நடுங்குவது போல இருந்தது. அவ்வளவு புழு. அவருக்கு அபராத நோட்டீஸ் கொடுத்தார் சோங். விமலா வீட்டில் கண்டதையும் அறிக்கையில் எழுதினார். ஆனால் அங்கே நோட்டீஸ் வைக்கவில்லை.

வேனில் ஏறியதும் சொன்னார்: "நோட்டீசுக்குப் பதில் எச்சரிக்கையோடு விட எனக்கு அதிகாரம் இருக்கிறது. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்தக் கதவில் நான் காகிதம் ஒட்டமாட்டேன்."

மறுநாள் தர்ஷினி இறந்துவிட்டாள்.

டிங்கி கண்ட இடத்தில் ஒரு தடவை புகை அடித்து நிறுத்த முடியாது. முட்டையாக இருந்ததும் புழுவாக இருந்ததும் கொசுவாகிவிடும் என்பதால் சில நாள் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது தடவைக்காகத்தான் ஒரு சாயங்காலம் மீண்டும் அந்த மாடிக்குப் போனோம். சாப்பாட்டை மூடுங்கள், மீன் தொட்டியை மூடுங்கள், குழந்தைகளை வெளியே கொண்டுவாருங்கள் என்று நான் கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். விமலா வீட்டில் கருமாதி கூட முடிந்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் சிலர் உள்ளே இருந்தார்கள். விமலாவும் குணாவும் நடைபாதைக்கு வந்து சுவரோரமாக நின்றார்கள். அவர்களை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். விமலா ஒல்லியாக, சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

நாங்கள் பத்மா அக்கா வீட்டுக்கு வந்தபோது கீழ் மாடி ஆள் ஒருவர், "அங்க நல்லா அடிங்க பாஸ். அந்த டிரம்தானே பிள்ளைய கொண்டுபோச்சு" என்றார்.

ஒரு வாரமாக அந்த பிளாட்டில் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பத்மா அக்காவை யாரும் முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. அவர் அதுவரை அடக்கி வைத்திருந்தது அந்த நிமிடம் வெடித்துவிட்டது.

"என் டிரம் என் டிரம்னு ஊரே சொல்லுதே! அவ வீட்டு பாட்டில்லயும்தான் புழு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அவளுக்கு ஏன் நோட்டீஸ் கொடுக்கல? கேளுங்க இவங்கள!"

சொல்லி முடித்ததும், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விமலா என்னைப் பார்த்தாள். தமிழன் என்பதால் என்னிடம் கேட்டிருப்பாள் போல.

"அண்ணே, எந்த பாட்டில்?"

நான் சோங்கைத் திரும்பிப் பார்த்தேன். சோங் முன்னால் வந்தார்.

"அம்மா, பல இடத்தில் இருந்துச்சு. பிள்ளைய கடிச்ச கொசு எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்கூலா, மாடிப்படியா, கீழயா, தெரியாது." அவர் சொன்னது உண்மைதான். அது யாராலும் சொல்ல முடியாத விஷயம்.

விமலா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "ஜன்னல்ல இருந்ததா? நான் வாரா வாரம் தண்ணி மாத்துவேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாத்துவேன். பாப்பாவே ஞாபகப்படுத்துவா. அப்புறம் எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சோங்குக்கும் தெரியும். அந்தக் கொசு தண்ணீர் மேல் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புதுத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். விமலா வாரா வாரம் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றியிருக்கிறாள். தேய்க்கவில்லை. அவ்வளவுதான்.

சோங் அவளிடம், "நீங்க மாத்துனீங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

அதற்குள் குணா திரும்பினார். "மாத்துனாளாம்! செடி என்னத்துக்குன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா நீ? கேட்டியா?" அத்தனை பேர் முன்னால் அவர் கத்தினார். விமலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. உறவுக்காரர்கள் குணாவை இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு மெஷினைக் கிளப்பினோம். புகையில் எதுவும் தெரியவில்லை என்பது எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது, "முட்டை சுவரில் ஒட்டியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லவேண்டாமா?" என்று சோங்கைக் கேட்டேன்.

"சொல்ல வேண்டும். அடுத்த மாதம் சொல்லலாம். இன்றைக்கு அந்த வீட்டில் பிள்ளையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அலுவலகம் வரும்வரை மாட்டவே இல்லை.

சில வாரம் கழித்து ஜெலுத்தோங் பாசார் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் குணா என்னைக் கண்டுகொண்டு மேசைக்கு வந்தார். முதலில் வேலையைப் பற்றி, வேனைப் பற்றிப் பேசினார். திடீரென்று, "அண்ணே, டிங்கில காய்ச்சல் விட்டா நல்லதுதானே?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டிங்கியில் ஆபத்தான நேரம். உடம்பு சில்லென்று ஆகும். எல்லாரும் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் அப்போதுதான் உள்ளே எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கும். கூட்டத்தில் கணீரென்று சொல்லும் அந்தப் பதிலை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி தம்பி" என்றேன்.

"அன்னைக்குக் காலையில காய்ச்சல் விட்டுடுச்சு அண்ணே. கஞ்சி குடிச்சா. சிரிச்சா. வயிறு வலிக்குதுன்னா. விமலா சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போவோம், கை காலெல்லாம் சில்லுன்னு இருக்குன்னு. நான்தான், காய்ச்சல்தான் விட்டுடுச்சுல்ல, பிள்ள தூங்கட்டும், சாயங்காலம் பாப்போம்னு சொல்லிட்டு வேன எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்." கோப்பி ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்தது. "நான் அன்னைக்கு வெளியில வெச்சு அவ்வளவு கத்துனேன். வீட்டுலயும் கத்துனேன். தினம் கத்துனேன். அவ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ அன்னைக்கு வேண்டான்னியேன்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கவே இல்ல அண்ணே. இப்ப அவ சொந்த அக்கா வீட்டுக்குப் போயிட்டா. கூப்பிட்டேன். வரல."

நான் அவர் தோளில் கை வைத்தேன். கொசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் எதுவும் அந்த மேசையில் உதவவில்லை.

அதே ஆண்டில் ஜெலுத்தோங் பிளாட்டுகளுக்கு நடுவில் உள்ள மண்டபத்தில் டிங்கித் தடுப்புக் கூட்டம் நடத்தினோம். நான் தமிழில் பேசினேன். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். விமலா. பழைய வீட்டில் மிச்சம் இருந்த சாமான்களை எடுக்க வந்தவள், மைக் சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தாள்.

"தண்ணி மாத்துனா போதுமா அண்ணே?" என்றாள்.

மண்டபத்தில் அவளைத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். பத்மா அக்கா கூட இருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போதாதும்மா" என்றேன். "உள்பக்கம் நல்லா தேய்க்கணும். முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"அதத்தான் முதல்ல சொல்லணும். தண்ணி மாத்துங்க தண்ணி மாத்துங்கன்னா, எங்கள மாதிரி ஆளுங்க மாத்திட்டு நிம்மதியா இருந்திருவோம். தேய்க்கச் சொல்லுங்க." குரல் உயரவில்லை. அழவும் இல்லை. "தேய்ச்சிட்டு அப்புறம் மாத்தச் சொல்லுங்க."

எங்கிருந்தோ அவளே தெரிந்துகொண்டிருக்கிறாள். தனியாக உட்கார்ந்து அதைத் தெரிந்துகொண்ட நேரத்தில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து நான் கீழே இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள். வாசலில் பத்மா அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். "என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுட்டுப் போனா தம்பி. ஒண்ணும் பேசல" என்று சொல்லி அழுதார்.

நான் ஓய்வு பெறும் வரை எந்தக் கூட்டத்தில் பேசினாலும் தேய்ப்பதைத்தான் முதலில் சொன்னேன். எதற்காக இப்படி மாற்றிச் சொல்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

சோங் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கும் சர்வீஸ் முடியப்போகிற காலத்தில் கெலுகோரில் ஒரு பல்கலைக்கழக மாணவனுக்கு டிங்கி வந்தது. அவன் தங்கியிருந்த வாடகை வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தோம். கூட வந்த இளைய சகாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கதவைத் தட்டினேன். தொழிற்சாலைச் சட்டையோடு விமலா வந்து திறந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது.

"வாங்க அண்ணே" என்றாள். பசியாறியாச்சா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

சின்ன வீடு. தனியாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு நாற்காலி. சுவரில் பிள்ளையின் படம். பூ இல்லை, செடி இல்லை, வாளி கூட இல்லை. குழாய்க்கு நேராகக் குளிக்கிறாள் போல. குளியலறையைப் பார்த்தேன். அடுப்படியைப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைக் கழற்றித் துடைத்து அதன் மேலேயே கவிழ்த்து வைத்திருந்தாள். காய்ந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு உலர்ந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"பிரிட்ஜுக்குப் பின்னால?"

"பாத்துட்டேன்."

கீழே தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க அண்ணே."

வாசலில் சகா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் நிறைய வீடுகள் மீதி இருந்தன. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் குளியலறையில் இருந்து தொடங்கினேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன், குழாய் மூட்டுகளில் பார்த்தேன், பால்கனி மூலையில் பார்த்தேன். கடைசியாக அடுப்படித் தரையில் குப்புறப் படுத்தேன். விமலா பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். வெளிச்சம் போன இடமெல்லாம் அவளும் குனிந்து பார்த்தாள்.

"இல்லம்மா" என்றேன். "உன் வீட்டுல எங்கேயும் இல்ல."